புளியமரத்தடியில் தெரிந்த மலை

முக்தார் அகமது சாயபுவின் மோட்டாரை ஓட்டிய பச்சையப்பனை வேலூரில் பெரியவர் சிறியவர் எல்லாருமே "வா, போ" என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது தாண்டிய மனிதர், தலை முழுக்க நரைத்துவிட்டது. பெண்டாட்டி அஞ்சலை ஒருத்திதான் அவரை "வாங்க, போங்க" என்பாள். அவளோடு சேர்ந்து நானும் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை.

சாயபுவுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி இருந்தது. வீடு வேலூரில். காலையில் அவரை அங்கே கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது பச்சையப்பனின் வேலை. வெள்ளிக்கிழமை டேனரி மூடியிருக்கும். வண்டி சும்மா நிற்பானேன் என்று அன்றைக்கு மட்டும் சாயபு அதைத் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடுவார். வேலூர்க்காரர்களுக்கு ஒரு நாளைக்கு மோட்டார் கிடைத்தால் வேறெங்கே போவார்கள்? திருவண்ணாமலைக்குத்தான். விடிந்ததும் கிளம்பி, மலையைப் பார்த்து, சாமி கும்பிட்டு, பொழுது சாய வீடு வந்துவிடலாம். மாட்டு வண்டியில் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள், இடுப்பு வலிக்கு ஒரு நாள்.

அந்தச் சவாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. போளூர் தாண்டி, ஒரு சின்னப் பாலத்தை அடுத்து, சாலையோரம் கிழட்டுப் புளியமரம் ஒன்று நிற்கும். அங்கேதான் மலை முதலில் கண்ணில் படும். டிரைவர் வண்டியை நிறுத்தி, "மலை தெரியுது, இறங்குங்க" என்று சொல்ல வேண்டும். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, சாலையிலேயே சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார்கள். அதில் முதல் மூடி டிரைவருக்கு. மலையைக் காட்டிக் கொடுத்தவனுக்கு அது மரியாதை.

பச்சையப்பன் அந்த மலையைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே போகாமல் இல்லை, போன மாதம்கூடப் போனார். புளியமரத்தடியில் நிறுத்தினார், "மலை தெரியுது" என்றார், தேங்காய் மூடியும் வாங்கிக்கொண்டார். ஆனால் அவருக்குக் கண் தெரியவில்லை.

இளவட்டமாக இருந்தபோது அவர் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் மயிர் கழலும். அந்தத் தோலைக் குழிக்குள் இறங்கி மிதித்துப் புரட்டவேண்டும். காலும் கையும் வெந்து தோல் உரியும். ஒருநாள் ஒரு எருமைத்தோல் கைநழுவி விழுந்து, தண்ணீர் எழும்பி இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது. பத்தியம், பச்சிலை, தாய்ப்பால் என்று யார் யாரோ என்னென்னவோ விட்டு, எப்படியோ கண் பிழைத்தது. அதற்குப் பிறகு அவர் குழிக்குத் திரும்பவில்லை. சாயபு முதன்முதலாக மோட்டார் வாங்கியபோது அதைக் கழுவித் துடைக்கும் வேலைக்குப் போனார். மதராஸிலிருந்து வந்த டிரைவர் ஊர் பிடிக்கவில்லை என்று ஓடிப்போனதும், கழுவின கையே ஸ்டியரிங்கைப் பிடித்தது. அன்றைக்கு அவர் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இனி செத்தாலும் குழியில் இறங்கப்போவதில்லை என்று அஞ்சலையிடம் சொன்னார்.

பிழைத்த கண் அப்படியே நிலைக்கவில்லை. வயது ஏற ஏறப் பழைய புண் வெள்ளையாகப் படர்ந்தது. ஆஸ்பத்திரியில் விளக்கை அடித்துப் பார்த்து, "இதுக்கு மருந்தில்ல, இனிமே மோட்டார் ஓட்டாதே" என்று சொல்லிவிட்டார்கள். பச்சையப்பன் தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை வழக்கம்போல வண்டியை எடுத்தார். அவரைத் திட்டாதீர்கள். வண்டியை விட்டால் அவருக்கு இருந்த ஒரே வேலை சுண்ணாம்புக் குழிதான். குழியில் இறங்கக் கண் வேண்டாம், காலும் கையும் இருந்தால் போதும்.

பக்கத்தில் இருப்பது தெரியும். ஒரு வீட்டு வாசல் தூரத்துக்கு அப்பால் எல்லாமே கஞ்சித் தண்ணிக்குள் கிடப்பது போலத்தான். வெயில் நன்றாக இருந்தால் மாடு, வண்டி, மனுஷன் என்று நிழல் அசைவதை வைத்து ஊகிப்பார். பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. மீதியை ரோடு சொன்னது. எந்தப் பள்ளத்தில் வண்டி எந்தப் பக்கம் சாயும், எந்தப் பாலத்தில் என்ன சத்தம் வரும் என்பதெல்லாம் அவர் உடம்புக்குப் பாடம். எதற்கும் இருக்கட்டும் என்று ஹாரனை அமுக்கிக்கொண்டே மெதுவாகப் போவார். "பச்சையப்பன் மாதிரி நிதானமான டிரைவர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது" என்று ஊரில் பேர். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

உண்மையில் அவர் களைத்துப்போயிருந்தார். வண்டி ஓட்டுவதில் வந்த களைப்பு இல்லை, பார்ப்பவன் மாதிரி நடிப்பதில் வந்த களைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கழுத்தும் தோளும் கட்டையாகிக் கிடக்கும். போன மாதம் சாயபு வீட்டு கேட்டில் மட்கார்டை உரசிவிட்டார். சாயபுவின் மகன் இஷ்தியாக் அகமது, "அப்பா, இவனுக்கு வயசாயிடுச்சு, வேற ஆளப் பாக்கலாம்" என்று அவர் காதுபடவே சொன்னான். சாயபு, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பாத்துக்கலாம்" என்று சொல்லி முடித்துவிட்டார். அந்த இன்னொரு தடவை எந்த வளைவில் நிற்கிறதோ என்றுதான் பச்சையப்பன் தினமும் வண்டியை எடுத்தார்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை வண்டியைக் கேட்டவர் சுந்தரமூர்த்தி முதலியார். டேனரிகளுக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை பிடித்துக் கொடுக்கும் வியாபாரி. சாயபுவோடு தினமும் பேசுகிறவர், அதனால் பச்சையப்பனுக்கு இந்தச் சவாரியே பிடிக்கவில்லை. முதலியார் கண்ணில் ஏதாவது பட்டால் மறுநாள் காலையில் சாயபு காதில் விழுந்துவிடும். மகளுக்கு வரன் அமைந்தால் மலையைப் பார்க்க வருவதாக முதலியாரின் மனைவி மீனாம்பாளுக்கு வேண்டுதல். கூடவே முதலியாரின் அக்கா கண்ணம்மாள் வந்தாள். அவள் புருஷனை இழந்து தம்பி வீட்டில் இருப்பவள். மூட்டை முடிச்சைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக அழைத்துவந்தார்கள்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். முதலியார் முன்னால், பெண்கள் இருவரும் பின்னால். கண்ணம்மாளுக்கு டிரைவருக்கு நேர் பின்னாலுள்ள ஓரம், மடியில் புளியோதரைத் தூக்கு. மேகமூட்டமான நாள். கணியம்பாடி, கண்ணமங்கலம் எல்லாம் சாம்பல் பூத்த வெளிச்சத்தில் கடந்தன. முதலியார் வழியெல்லாம் பட்டை விலையைப் பற்றியே பேசினார். பச்சையப்பன் "ஆமாங்க, ஆமாங்க" என்றபடி காதை அவரிடமும், உடம்பை ரோட்டிடமும் கொடுத்திருந்தார்.

போளூர் தாண்டியது. பாலம் சக்கரத்துக்கடியில் தொம்தொம்மென்று அதிர்ந்தது. அப்புறம் முகத்தில் புளியமரத்தடியின் குளிர்ச்சி பட்டது. பச்சையப்பன் வண்டியை ஓரம் கட்டினார்.

"மலை தெரியுதுங்க, இறங்குங்க" என்றார்.

எல்லாரும் இறங்கினார்கள். அவர் ஒதுங்கிப் போய், தெற்கே திரும்பிக் கைகூப்பி நின்றார். ஒரு சத்தமும் இல்லை. மற்ற நாட்களில் இந்நேரம் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டிருக்கும்.

"இன்னா பச்சையப்பா, எங்க மலை?" என்றார் முதலியார்.

பச்சையப்பன் சட்டென்று, "அதோ, எதிர்லதாங்க..." என்று கையை நீட்டினார். கை தப்பான பக்கம் நீள்கிறதோ என்று பயந்து பாதியிலேயே மடக்கிக்கொண்டார்.

"எதிர்ல ஒண்ணும் காணோமே!"

அப்போதுதான் பின்னாலிருந்து கண்ணம்மாளின் குரல் வந்தது. நல்ல காரியத்துக்குச் சூடம் ஏற்றும் இடத்தில் அவள் முன்னால் வந்து நிற்கக் கூடாது. அதனால் வண்டியை ஒட்டி, டிரைவர் நின்ற பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தாள்.

"ஏன் தம்பி, தெரியுதே. நல்லாப் பாரு. மேகத்துக்குள்ள கறுப்பா நிக்குது பாரு."

சொன்னதுதான் தாமதம், மீனாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆமாங்க! எனக்கும் தெரியுது! அண்ணாமலையாரே!" பாவம் செய்தவர்கள் கண்ணுக்கு மலை மறைந்துகொள்ளும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மகள் கல்யாணம் நிச்சயமான நேரத்தில் எந்தத் தாய் தெரியவில்லை என்று சொல்வாள்? முதலியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தார். ஆவாரம்பட்டையில் ஈரம் ஏற்றி எடை போடுகிறவர், அவருக்கும் உள்ளுக்குள் உதைத்திருக்கும். "ஆமாமா, தெரியுது, தெரியுது. மேலால கொஞ்சம் மூடியிருக்குது, அவ்ளோதான்" என்று சொல்லித் தேங்காயை உடைத்தார். முதல் மூடி பச்சையப்பன் கைக்கு வந்தது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வண்டியை எடுத்தார். மனசு லேசாகிவிட்டது. மலை இருக்கிறது, முதலியார் பார்வைதான் மட்டம் என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் கோபுர வாசலுக்குத் தள்ளி வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். முதலியார் குடும்பம் உள்ளே போனது. அந்தக் காலத்தில் பச்சையப்பன் சாதிக்காரர்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். எத்தனை தடவை வந்தாலும் அவருக்கு வேப்பமரத்தடிதான். இதைப் பற்றி அவர் வருத்தப்பட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. எனக்குத்தான் இதை எழுதும்போது எரிகிறது. ஊரையே மலைக்கு அழைத்து வருகிறவனை வாசலில் நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் மலை வெளியேதானே நின்றது? அதற்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. அதைப் பார்க்க அவரை யார் தடுத்தது? கண் நன்றாக இருந்த காலத்திலும் அவர் அதை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. வந்ததும் எஞ்சின் மூடியைத் திறந்து ஆறவிடுவார், தண்ணீர் மொண்டு ஊற்றுவார், சக்கரத்தோரம் துண்டை விரித்துத் தூங்கிப்போவார். வீட்டுக்குப் போனதும் அஞ்சலை, "மலையப் பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "அதுக்கென்ன, அங்கதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு சாப்பிட உட்காருவார்.

அன்றைக்கும் துண்டை விரித்தார். தூங்கி எழுந்தபோது வெயில் அடித்தது. யாரோ வண்டிப் படியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"நான்தான் பச்சையப்பா. முட்டி வலி. உள்ள கூட்டம் தாங்கல, வந்துட்டேன்" என்றாள் கண்ணம்மாள்.

அவர் எழுந்து தள்ளி நின்றார். "தண்ணி வேணுமாம்மா?"

"வேணாம். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். உனக்குக் கண்ணு எத்தினி நாளா தெரியல?"

பச்சையப்பன் சிரிக்கப் பார்த்தார். "இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? கண்ணு தெரியாமலா இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிக்கினு வந்தேன்? காலையில முதலியாருக்கே தெரியாத மலையக் காட்டினேனே!"

"காலையில அங்க மலை தெரியல" என்றாள் அவள். "எனக்கும் தெரியல, என் தம்பிக்கும் தெரியல. வெறும் மேகந்தான். அடிவாரம் வரைக்கும் மூடிக்கினு இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

பச்சையப்பன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்கூட உடனே வரவில்லை. இரண்டு வருஷமாகத் தூக்கிவந்த மூட்டையை யாரோ தலையிலிருந்து இறக்கியது போல இருந்தது. இறக்கிய பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மாமனாருக்குக் கண்ணு போயி, ரொம்ப வருஷம் நான்தான் கையப் புடிச்சி நடத்தினேன். கண்ணு தெரியாதவங்க காத முன்னால நீட்டித்தான் தலையத் திருப்புவாங்க. நீ கணியம்பாடியிலேர்ந்து அப்படித்தான் திருப்பிக்கினு வந்த. எதுக்கும் பாப்போம்னு இருந்தேன். நீ மேகத்தக் காட்டி மலைன்னதும் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏம்மா காப்பாத்தினீங்க?"

"நடு ரோட்டுல அவன் கத்தினா எல்லாரும் எப்படி வீடு போய்ச் சேர்றது? அதுவுமில்லாம..." என்று நிறுத்தினாள். "நீ கைய நீட்டி மடக்கினது பாக்க சகிக்கல."

 பிறகு பச்சையப்பன் சுண்ணாம்புக் குழியைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னார். முதலியாரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டார். கண்ணம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வெளிச்சம் இருக்கறதுக்குள்ள வீடு சேத்துடுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பக் கெளம்பினா சேத்துடுவேன்."

"நான் போய் இழுத்துக்கினு வர்றேன்" என்று எழுந்தாள்.

"அம்மா" என்று கூப்பிட்டார் பச்சையப்பன். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. "இப்ப மலை தெரியுதுங்களா?"

"இப்ப நல்லாத் தெரியுது. மேகம் கலைஞ்சிடுச்சு."

"எப்படி இருக்குது?"

கண்ணம்மாள் நின்று, அண்ணாந்து பார்த்தாள். ஒரு மலை எப்படி இருக்கிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை போலும், யோசித்து யோசித்துச் சொன்னாள். "மழ பேஞ்சதால பச்சையா இருக்குது. மேல போகப் போக மொட்டப் பாறை. பாறையில ஒரு எடத்துல தண்ணி வழியுது, வெயில் பட்டுப் பளபளங்குது. பாதி மலையில ஆடு மேயுது, எள்ளு எறைச்ச மாதிரி. ரொம்பப் பெருசா இருக்கும்னு நெனச்சேன், அப்படி ஒண்ணும் பயமா இல்ல. யாரோ தெரிஞ்சவங்க உக்காந்திருக்கற மாதிரி இருக்குது."

பச்சையப்பன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெள்ளை வெளிச்சம்தான் இருந்தது. அதில் நீலமாக ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

கண்ணம்மாள் இழுத்ததற்கு அவர்கள் வந்தால்தானே? மீனாம்பாள் மகளுக்கு வளையல் பார்த்தாள். பிறகு குங்குமம், பிறகு பித்தளை விளக்கு. முதலியாருக்கோ செங்கத்திலிருந்து வந்த இன்னொரு பட்டை வியாபாரி அகப்பட்டுவிட்டார். பட்டை வியாபாரிக்குப் பட்டை வியாபாரியைக் கண்டால் பெண்டாட்டி நினைப்புகூட வராது. எல்லாரும் வண்டியில் ஏறும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வழக்கத்தை விட வேகமாகப் போகச் சொன்னார் முதலியார். "ஆவட்டுங்க" என்று சொல்லிவிட்டு பச்சையப்பன் வழக்கம் போலவே போனார்.

போளூரில் முதலியார் தூங்கிப்போனார். புளியோதரையும் பிரசாதமும் தம் வேலையைச் செய்தன. மீனாம்பாளும் வளையல் பெட்டியை அணைத்தபடி சாய்ந்துவிட்டாள். கண்ணமங்கலத்தில் சூரியன் மேற்கு மலைகளுக்குப் பின்னால் விழுந்தது. பச்சையப்பன் விளக்கைப் போட்டார். போட்டு என்ன, அவர் கண்ணுக்கு முன்னாலிருந்த வெள்ளை கொஞ்சம் மஞ்சளானது, அவ்வளவுதான். நிறுத்திவிடலாமா என்று நினைத்தார். நிறுத்தி என்ன சொல்வது? வேர்வை புருவத்திலிருந்து கண்ணில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

அப்போது காதுக்குப் பின்னால், மிக மெதுவாக ஒரு குரல்: "இடது பக்கம் மாட்டு வண்டி. கொஞ்சம் வலது பக்கம் வா."

அவர் வந்தார். மாட்டின் கழுத்து மணி இடது பக்கம் கடந்து போனது.

"நேரா போ. ரோடு காலியாத்தான் இருக்குது... எதுத்தாப்புல சைக்கிள்... போயிட்டான். இப்ப வளைவு."

வளைவு அவருக்கே தெரியும். இருந்தாலும் அவள் சொன்ன பிறகுதான் திருப்பினார். மாமனாரை நடத்திய அதே குரல் போலும், அவசரமும் இல்லை, பயமும் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பச்சையப்பனின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. இப்படியே ஒரு குரல் பின்னால் இருந்தால் இன்னும் எத்தனை வருஷமும் ஓட்டலாமே என்று ஒரு ஆசை வந்தது. அந்த ஆசையோடு ஹாரனை அமுக்கக்கூட மறந்தார்.

கணியம்பாடியை நெருங்கும்போது, வேர்க்கடலைக் கொல்லையில் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்து!" என்று கண்ணம்மாள் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். மனுஷன் மேல் மனுஷன் கை படக்கூடாத காலம் அது. அவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

பிரேக்கை மிதித்தார். வண்டி சறுக்கி, குறுக்காக நின்றது. முன்னால் ஒரு பெண்பிள்ளையின் அலறலும், ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. தலையில் கடலைச் செடிக் கட்டும், இடுப்பில் குழந்தையுமாக ரோட்டைத் தாண்டியவள். கட்டு விழுந்து சிதறியிருந்தது. அவளுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவ்வளவு பக்கத்தில் என்பதால் குழந்தையின் முகம் பச்சையப்பனுக்கே தெரிந்தது. வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

"பொட்டக் கண்ணா!" என்று கத்தினாள் அந்தப் பெண். "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? விளக்கு போட்டுக்கினு வந்து ஏத்தறியே!"

ரோட்டில் யாரும் யாரையும் திட்டுகிற திட்டுதான் அது. எத்தனையோ வண்டிக்காரர்கள் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பச்சையப்பன் இறங்கிப் போய்க் கீழே உட்கார்ந்து, கையால் தரையைத் துழாவிச் செடிகளைப் பொறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டிருந்தவள் அந்தக் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"இன்னா ஆச்சு?" என்று முதலியார் விழித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஒருத்தி குறுக்கால போனா, நிறுத்தினான்" என்றாள் கண்ணம்மாள்.

"அதான் பச்சையப்பன்! வேற எவனாவது இருந்தா ஏத்தியிருப்பான்" என்று சொல்லி முதலியார் மறுபடி சாய்ந்தார்.

வேலூரில் முதலியார் வீட்டு வாசலில் விளக்கு வைத்திருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போனதும், கண்ணம்மாள் கடைசியாகத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பச்சையப்பன் இரண்டு கையும் கூப்பினார்.

"உங்க புண்ணியம்மா. வீட்டுல சொல்லிடாதீங்க. வர்ற வெள்ளிக்கிழமையும் மலைக்கு ஒரு சவாரி இருக்குது, பொழுதோட திரும்பிடுவேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் கண்ணம்மாள். பிறகு, கோபமில்லாமல், களைத்த குரலில் கேட்டாள்: "ஆனா வர்ற வெள்ளிக்கிழமை உன் பின்னால யாரு உக்காருவா?"

அவள் உள்ளே போய்விட்டாள். பச்சையப்பன் வண்டியை எடுத்தார். அங்கிருந்து சாயபு வீட்டுக்கு இரண்டு தெருதான். அந்த இரண்டு தெருவையும் வண்டியைத் தள்ளாத குறையாகக் கடந்தார். கேட்டில் உரசாமல் உள்ளே விட்டார். துணியை எடுத்து மட்கார்டைத் துடைத்தார், கடலைச் செடியின் மண் கையில் பட்டது. சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

சாயபு தொழுகை முடித்து உட்கார்ந்திருந்தார். "வா பச்சை. சவாரி நல்லா ஆச்சா? நாளைக்குப் பேரப் புள்ளைங்க ஆம்பூர் போவணும், அவங்க நானிப் பாட்டி வீட்டுக்கு. சுருக்க வந்துடு."

"வேற ஆளப் பாருங்க சாயபு" என்றார் பச்சையப்பன். "இன்னிக்கு மலை இல்லாத எடத்துல மலை இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

சாயபுவுக்குப் புரியவில்லை. "இன்னா சொல்ற? தபியத் சரியில்லையா, உடம்புக்கு ஏதாவதா?" என்று நிமிர்ந்தார். பச்சையப்பன் சாவியை வைக்கக் கையை நீட்டினார். கூடத்தில் ஒரு விளக்குதான் எரிந்தது. கை காற்றில் தேடி, மேஜையின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அப்புறம்தான் சாவியை வைத்தது. சாயபு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 

சாயபு சாவியை எடுத்துப் பார்த்தபடி, "குழந்தைங்கள உன்னோடதானே அனுப்பிக்கினு இருந்தேன்" என்றார். திட்டுவது போலவும் இல்லை, மன்னிப்பது போலவும் இல்லை. "திங்கக்கெழம பேரணாம்பட்டு போயிடு. மேஸ்திரிகிட்ட சொல்லி வைக்கிறேன். வேலை குடுப்பான்."

என்ன வேலை என்று பச்சையப்பன் கேட்கவில்லை. அங்கே கண் இல்லாதவனுக்கு என்ன வேலை இருக்கிறது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? "சரிங்க சாயபு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துப் படியிறங்கினார்.

வீட்டில் அஞ்சலை கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம் போலக் கேட்டாள்: "மலையப் பாத்தீங்களா?"

பச்சையப்பன் காலைக் கழுவிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கழுவிய அந்தக் கால்களைத் திங்கட்கிழமை எந்தக் குழியில் வைக்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

"பாத்தேன்" என்றார். "மழ பேஞ்சு பச்சையா இருக்குது. மேல மொட்டப் பாறை. பாறையில ஒரு எடத்துல தண்ணி வழியுது, வெயில்ல பளபளங்குது. பாதி மலையில ஆடு மேயுது, எள்ளு எறைச்ச மாதிரி. பயமா இல்ல அஞ்சல. தெரிஞ்சவங்க யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்குது."

அஞ்சலை சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். "இத்தினி தடவ போயிருக்கீங்க. ஒரு தடவகூட இவ்ளோ சொன்னதில்லியே" என்றாள்.

"இனிமே போகமாட்டேன்" என்றார் பச்சையப்பன். "வண்டிய விட்டுட்டேன்."

 அஞ்சலை சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்து, உள்ளே கூட்டிப்போனாள்.